அதே பக்கத்தில், நான்கு வரி கீழே

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. பெய்த மழை, வந்த விருந்தாளி, படித்து முடித்த புத்தகம், பஸ் வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஓய்வு பெற்றபின் எங்கள் ஜோகுபாளையத்தின் பழைய குடும்பங்களைப் பற்றியும் எழுதிச் சேர்க்கத் தொடங்கினேன். யார் எப்போது வந்தார்கள், எந்தச் சந்தில் குடியிருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று. தேதி இல்லாத தகவலை நான் தகவலாகவே மதிப்பதில்லை. ஆனால் இங்கே எழுதப்போகும் மூன்று நாட்களுக்குத் தேதி போடவில்லை. ஒரு ஜனவரி மாதத்து வெள்ளி, சனி, ஞாயிறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி இருந்தால் அவர்கள் யாரென்று யாராவது கண்டுபிடித்துவிடலாம். அந்த அளவுக்காவது நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, ஒரே மகன். பினாங்கிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஒயிட்ஃபீல்டில் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இடம் நிச்சயம் வரை போய், பையனின் பெரியப்பா எங்கள் தெருவுக்கு வந்து நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போனபின் நின்றுவிட்டது. என்ன விசாரித்திருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவளே கல்யாணத் தளமொன்றில் தன் விவரத்தைப் போட்டாள். ஜாதி என்ற கட்டத்தில் எங்கள் ஜாதியை ஒளிக்காமல் எழுதி, பக்கத்தில் ‘தடையில்லை’ என்று குறித்திருந்தாள். பினாங்குப் பையனும் ‘தடையில்லை’ என்று போட்டிருந்தான். இருவரும் ஐந்து மாதம் பேசினார்கள். ஒருநாள் மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

“அவரு கேக்கறாருப்பா. நான் பேசினா கேக்கறாரு. நடுவுல போன் பாக்கறதில்ல.”

அவள் அப்படி ஒருவரைப் பற்றியும் சொன்னதில்லை. அதையும் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்தேன்.

வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பையனின் அம்மா என் மனைவியைக் கூப்பிட்டார். கலகலப்பான குரல், பேச்சின் இடையிடையே பினாங்கு ‘லா’.

“ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன் லா, தப்பா எடுத்துக்கக் கூடாது. பேச்சு முடியாம பொண்ணு வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம். தண்ணியோட சரி. மத்ததெல்லாம் விட்டாச்சு, இத மட்டும் எங்க குடும்பத்துல விடல.”

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் சம்மதம் சொன்னது போல. பேச்சு முடியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாமென்றால் அது பெரிய குற்றம். ஓட்டலுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே ஏற்பாடு இப்படி முடிவானது: வெள்ளியும் சனியும் நான் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும், எல்லோரும் வெளியிலேயே சாப்பிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் முடிவு சொல்வார்கள். சரியென்றால் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் கை நனைப்பார்கள். அன்று மாலையே விமானம்.

நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். இடம், கிளம்பும் நேரம், அங்கே சாப்பிட வேண்டியது, அதன் வரலாறு என்று நான்கு கட்டங்கள். மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னாங்க இது? டூரிஸ்ட் கம்பெனி ஆரம்பிச்சிட்டீங்களா? அவங்க பொண்ணு பாக்க வர்றாங்க, பரீட்சை எழுத வரல.”

வெள்ளிக்கிழமை காலை அல்சூரில் நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு கடையில் தொடங்கினோம். தட்டு அகலத்துக்கு இட்லி, காரா பாத் எனும் உப்புமா, கேசரி பாத். மூவரும் ஸ்பூனால்தான் சாப்பிட்டார்கள். அந்த அம்மா கேசரி பாத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, “காலங்காத்தால அல்வா குடுக்குறாங்க லா இந்த ஊர்ல” என்று சிரித்தார். ஒவ்வொரு இடத்திலும் பினாங்கோடு ஒப்பிட்டார். எங்கள் வெயில் வெயிலே இல்லை, எங்கள் மழை மழையே இல்லை, ஆனால் காப்பி மட்டும் காப்பிதான். பையனின் அப்பா அதிகம் பேசாதவர். துறைமுக அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நெடுநாள் கழித்து எனக்கு ஒரு நல்ல கேட்பவர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

லால்பாகில் பையனும் என் மகளும் எங்களுக்கு முன்னால் நடந்தார்கள். வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு போனார்கள். குப்பைத்தொட்டி எங்கும் கண்ணில் படவில்லை. பையன் தோலை எல்லாம் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டிருந்தான். சட்டைப் பை புடைத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து இவள் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. பிறகு அவள் தன் கையிலிருந்த தோலையும் அவன் பையிலேயே போட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிக் கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

பின்னால் நடந்துவந்த அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க ஜாதியப் பத்தி எங்க அண்ணன் ஒரு மாதிரி பேசுனாரு. நான் சொன்னேன், இந்தக் காலத்துல யாருண்ணே அதெல்லாம் பாக்குறா? நாங்க பாக்குறதில்ல லா. பொண்ணும் பளிச்சுன்னுதான் இருக்கா. நாம சொன்னாத்தான் வெளிய தெரியும்.”

என் மனைவி “ஆமாங்க” என்றாள். அவள் முகம் மாறவில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். அன்று மட்டும் நான்கு முறை அதைச் சொன்னார்.

மாலை அல்சூர் ஏரிக்கரையில் சோளம் சுட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் பையனின் அப்பா தானாக ஒரு விஷயம் சொன்னார்.

“எங்கப்பா இந்தப் பக்கத்துலதான் சார் மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சாரு. அப்புறம் குடும்பத்தோட கப்பல் ஏறிட்டாங்க. அவருக்கு ஒரு ஏரி மட்டும் ஞாபகம் இருந்துச்சு. இதுவாத்தான் இருக்கும்.”

நான் அவருடைய அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் கேட்டேன். சொன்னார்.

உடனே அந்த அம்மா குறுக்கிட்டார். “இங்க கொஞ்ச நாள்தான் சார் இருந்தாங்க. பூர்வீகம் தஞ்சாவூரு. மிராசு குடும்பம். அண்ணன் தம்பிக்குள்ள பாகத்தகராறு வந்து, நெலம் வீடெல்லாம் அப்படியே விட்டுட்டுக் கெளம்புனவங்க.”

பையனின் அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு சோளத்தின் நாரை உரித்தார். எனக்கு அந்தக் கதை இடித்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை ஜோகுபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் ஏன் படிக்கப் போகிறான்? பட்டாளத்தை நம்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. மூடிப் பல வருடங்களாகிவிட்டது. அதன் சேர்க்கைப் பதிவேடுகள் எடைக்குப் போகவிருந்தபோது மூன்றை நான்தான் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயர்வாரியாக அட்டவணைகூடப் போட்டிருக்கிறேன். அன்று ஏரிக்கரையில் என் கை பரபரத்தது. இவருக்கு ஒரு பரிசு கொடுக்க முடியும் என்று நினைத்தேன். அதோடு ஒரு தவறான தகவலைத் திருத்தவும் முடியும் என்று நினைத்தேன். இரண்டில் எது முந்தி வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பதிவேட்டை எடுத்தேன். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பையனுடைய தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், குடியிருப்பு ஜோகுபாளையம், சொந்த ஊர் வட ஆற்காட்டில் ஒரு சிற்றூர். தகப்பன் தொழில்: பட்டாளத்துத் துப்புரவு. ஜாதி: ஆதி திராவிடர். நின்ற வகுப்பு மூன்று. நின்றதன் காரணம்: குடும்பம் பினாங்கு போயிற்று. அதே பக்கத்தில், நான்கு வரி கீழே என் பெரியப்பாவின் பெயர். தகப்பன் தொழில்: தோல் கிடங்கு. ஜாதிக் கட்டத்தில் எழுத்து இல்லை, ‘மேற்படி’ என்பதற்கான இரண்டு சிறு கோடுகள் மட்டும்.

ஜாதிக் கட்டத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். பினாங்குக்குப் போனவரும் இங்கேயே இருந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவர்கள்தான் ஜாதி பார்க்காதவர்கள் ஆயிற்றே. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேருக்கு அவரவர் முன்னோர் பெயரைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. கோபித்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் அந்தப் பக்கத்தை நகலெடுத்து லேமினேட் செய்து, ஒரு காக்கி உறையில் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் காட்டவில்லை. எல்லோருக்கும் ஒன்றாகத் தெரியட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று காலை பசவனகுடியில் வெண்ணெய் தோசை. கூட்டத்தில் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடித்தோம். அந்த அம்மா தோசையின் மேல் உருகும் வெண்ணெயைப் பார்த்து, “இத தின்னுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் போலருக்கே” என்றபடி இன்னொன்று கேட்டு வாங்கினார். பையனின் அப்பா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, “எடுத்துக்குங்க சம்பந்தி” என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த என் மகள் குனிந்து சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு மணி நேரத்தில் முடிவு தெரியவேண்டிய விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது போல இருந்தது. நான் அத்தோடு இருந்திருக்கலாம்.

மதியம் பேட்டைப் பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். பட்டாளக்காரர்களுக்காகக் கறிச்சோறு போடத் தொடங்கிய கடைகளுக்கு இங்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. ராகி முத்தே, நாட்டுக்கோழிச் சாறு. முத்தே என்பது நம் களிதான், உருண்டையாகப் பிடித்து வைப்பார்கள். அந்த அம்மா ஸ்பூனால் வெட்டி எடுத்து மென்றார். பரிமாறுகிறவர் பதறிப்போனார்.

“மேடம், மெல்லக்கூடாது மேடம். சாறுல தொட்டு அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும்.”

“மெல்லாம எப்படிப்பா முழுங்குறது? நான் என்ன மலைப்பாம்பா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் உறையை எடுத்தேன். மேசையில் அதை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால்கூட அவர் தனியாகப் படித்திருப்பார். நான் எழுந்து நின்று வாசித்தேன். எங்கள் தெருவில் யாருக்காவது இப்படி ஒன்றைக் கொடுக்கும்போது நான் உரக்க வாசித்துத்தான் கொடுப்பேன். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர். ஒவ்வொரு கட்டமாக, நிறுத்தி நிறுத்தி. தொழில் என்ற இடத்தில் பையன் தலையைத் தூக்கினான். ஜாதி என்ற இடத்தில் அவன் அப்பாவின் கை களியின் மேல் நின்றுவிட்டது. நான் பினாங்கு வரை வாசித்து முடித்து, “இதே பக்கத்துல எங்க பெரியப்பாவும் இருக்காரு சார்” என்று முடித்தேன்.

பக்கத்து மேசையில் யாரோ எலும்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். குரலில் கோபமே இல்லை. “இது வேற யாரோ சார். அந்தக் காலத்துல ஒரே பேர ஊருக்குப் பத்து பேரு வெச்சிருப்பாங்க.”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். எல்லோரும் அங்கிருந்து எழுந்து போக அவர் ஒரு வழி காட்டினார். ‘இருக்கலாம் அம்மா’ என்ற இரண்டே சொற்கள் போதும். ஆனால் என் தகவலை ஒருவர் சந்தேகித்தால் நான் சும்மா இருப்பதில்லை.

“இல்லம்மா. சார் சொன்ன அப்பா பேரு, தாத்தா பேரு ரெண்டும் அப்படியே இருக்கு. மூணாங்கிளாஸ்னு சொன்னாரு, இங்கயும் மூணாங்கிளாஸ்தான். பினாங்குன்னே எழுதியிருக்கு பாருங்க. நாலும் ஒத்துப்போவுது. சந்தேகத்துக்கே இடமில்ல.”

மேசைக்கடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். தாமதமாகிவிட்டது. அந்த அம்மா என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“என்னங்க?”

அவர் களியை ஸ்பூனால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒங்களத்தான். சார் என்னமோ சொல்றாரே.”

“சாப்பிடு” என்றார் அவர்.

“அம்மா, விடுங்கம்மா” என்றான் பையன்.

“நீ சும்மா இரு. இவரு பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட என்ன சொன்னாருன்னு தெரியுமா ஒனக்கு?”

அந்த அம்மா ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தார். என் மகள் அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் அதைக் குடிக்கவில்லை.

பட்டியலில் அடுத்தது திப்புவின் கோடைகால மாளிகை. நாங்கள் போனோம். போகாமல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் மரத்தூண்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. அந்த அம்மா வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் விஸ்வேஸ்வரபுரத்துத் தின்பண்டத் தெருவுக்குப் போவதாக இருந்தது. சூடான ஒப்பட்டில், அதாவது போளியில், நெய் ஊற்றித் தருவார்கள், ஜனவரியில் மட்டும் கிடைக்கும் அவரைக்கொட்டை தோசை உண்டு. அந்த அம்மாவுக்குத் தலைவலி என்றார்கள். ஐந்து மணிக்கு அவர்கள் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டோம்.

“போன் பண்றேன் சார்” என்றார் பையனின் அப்பா. சார் என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சேலை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தம்மாவே சொன்னாங்களே, வேற யாரோன்னு. ஆமாம்மான்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயி வெந்துடுமா?”

“இருக்கறதத்தானே சொன்னேன். அவங்கதான் ஜாதியே பாக்கறதில்லன்னு...”

“நம்மள பாக்கறதில்லன்னு சொன்னாங்க. அவங்களையும் சேத்தா சொன்னாங்க?”

எவ்வளவோ படித்தவன் நான். இந்த வித்தியாசம் எனக்கு எங்கேயும் எழுதிக் கிடைக்கவில்லை.

மகள் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். பையனிடமிருந்து ஒரே ஒரு வரி. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், பிறகு பேசுகிறேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு யோசனையாகச் சொன்னாள்:

“அவங்களுக்கு என்னை ஏத்துக்கறதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சுப்பா. பெரிய மனசு பண்ற மாதிரி. இப்ப அந்த ஆன்ட்டி எத வெச்சி பெரிய மனசு பண்ணுவாங்க?”

அன்று சாயங்காலம் வரவேண்டிய முடிவு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே என் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். வரமாட்டார்கள் என்று நினைத்துச் சமைக்காமல் இருந்து, வந்து நின்றுவிட்டால்? பருப்பு, அவரைக்கொட்டைக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், வடை, பாயசம். அல்சூர் மார்க்கெட்டில் ஆறு தலைவாழை இலை வாங்கிவந்தேன். மகள் இலைகளைத் துடைத்துவைத்தாள். அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை. அதை அவள் எடுத்துவைத்தது ஒரு மாதத்துக்கு முன்னால்.

பதினொன்றே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. பையனின் அப்பா மட்டும் இறங்கினார். மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. ஆட்டோ திரும்பிப் போயிற்று.

“பக்கத்துல ஒரு கடைக்குப் போறதா சொல்லிட்டு வந்தேன் சார்” என்றார். பிறகு, “அந்தப் புத்தகத்த நான் பாக்கலாமா?”

பதிவேட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மடியில் வைத்துப் பார்த்தார். விரல் அந்த வரியின் மேல் போய் நின்றது. தொடவில்லை, கொஞ்சம் மேலே நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

“எங்கப்பா பேரத் தமிழ்ல எழுதி இப்பத்தான் சார் பாக்குறேன். அடையாளக் கார்டுல, சாவுப் பத்திரத்துல எல்லாத்துலயும் இங்கிலீஷ்தான்.”

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்.

“நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். எந்த ஊருன்னு கேட்டாரு மாமனாரு. எங்க பக்கத்து வீட்டுக்காரரு தஞ்சாவூரு. வாயில அந்த ஊருதான் வந்துச்சு. அப்புறம் அவளாத்தான் அதுல நெலத்த சேத்தா, வீட்ட சேத்தா, பாகத்தகராற சேத்தா. சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொன்னா. முப்பத்தாறு வருஷம். நான் வேணாம்னு சொல்லல.” டம்ளரைக் கீழே வைத்தார். “நேத்து ராவுலேருந்து அவ என்கிட்ட பேசல. என்னக் கீழ்ஜாதின்னு அவ சொல்லல சார். நான் யாருகூட இத்தன வருஷம் குடும்பம் நடத்துனேன்னு கேட்டா.”

“பையன்?” என்று கேட்டாள் என் மனைவி. மெதுவாகத்தான் கேட்டாள்.

“நல்லவன்மா அவன். யாரு அழுதாலும் பக்கத்துல உக்காந்துக்குவான். இப்ப அம்மா அழுவுறா.” அவர் பதிவேட்டை மூடினார். “இந்தப் பொண்ணு அங்க வந்தா, இத பாக்கும்போதெல்லாம் அவன் அம்மாவுக்கு அந்தக் களிக்கடை ஞாபகம் வரும். நடக்காதும்மா. நேர்ல வந்து சொல்லணும்னுதான் வந்தேன்.”

மகள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. உள்ளே பாத்திரத்தின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வந்து கூடத்தில் ஓர் இலையைப் போட்டாள்.

“அங்கிள், சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் எழுந்துவிட்டார். “இல்லம்மா. கை நனைச்சிட்டு இல்லன்னு சொல்லிட்டுப் போறது பெரிய பாவம்மா.”

“அதான் நனைக்காமலே சொல்லிட்டீங்களே. அது முடிஞ்சிபோச்சு. இப்ப சும்மா சாப்பிடுங்க. ப்ளேன்ல ஒண்ணும் நல்லா இருக்காது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் முறையாக அவருக்கு ஸ்பூன் தரப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. என் மகள்தான் பரிமாறினாள். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முதலில் இனிப்பு வைப்பார்கள். அவள் பாயசத்தை உள்ளேயே விட்டுவிட்டு நேரே சோறு வைத்துப் பருப்பு ஊற்றினாள். அவர் பிசைந்து சாப்பிட்டார். ஸ்பூனுக்குப் பழகிய கையிலிருந்து பருக்கைகள் இலைக்கு வெளியே விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இலையில் போட்டுக்கொண்டார்.

“உப்பு சரியா இருக்கா அங்கிள்?”

“இருக்கும்மா.”

சாப்பிட்டு முடித்ததும் இலையை எந்தப் பக்கம் மடிப்பதென்று தயங்கினார். “அப்படியே விடுங்க” என்றாள் இவள். கை கழுவிவிட்டு வந்தவர், சட்டைப் பையிலிருந்து மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்த, முந்தின நாள் நான் கொடுத்த லேமினேட் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத நான் எடுத்துட்டுப் போக முடியாது சார். புத்தகத்த பத்திரமா வெச்சிருங்க.”

அவரை ஏற்றிவிட மெயின் ரோடு வரை நான் போனேன். வழியில் என் பெரியப்பா குடியிருந்த சந்து வந்தது. வேறு நாளாக இருந்தால் நின்று காட்டியிருப்பேன். காட்டவில்லை. அவர் ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்தார். அந்தக் கையில் குழம்பு வாசனை இருந்தது. அவர் வீட்டு அம்மா அதைக் கண்டுபிடித்திருப்பாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது ஐந்து இலைகள் மேசைமேல் சுருட்டியபடி இருந்தன. மகள் பச்சைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அறை வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

“வேணாம்பா. நீங்க வாசிக்கலன்னா நான் கட்டிக்கிட்டு அங்க போயிருப்பேன். அப்புறம் அவங்க வீட்ல வருஷம் பூரா பெரிய மனசு பண்ணியிருப்பாங்க. அதுவும் கஷ்டம்தான்.” சேலையின் ஓரத்தை நீவினாள். “ஆனா நான் போயிருப்பேன்பா.”

அவள் சொன்னதில் அந்தக் கடைசி வரியைத்தான் நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

வடையும் வறுவலும் குழம்பும் ஏராளமாக மிஞ்சின. திங்கட்கிழமை காலை அவள் இரண்டு பெரிய டப்பாக்களில் போட்டு ஒயிட்ஃபீல்டுக்கு எடுத்துப்போனாள். அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு வந்தாள். டப்பாக்கள் காலியாக இருந்தன.

“ஆபீஸ்ல இன்னா விசேஷம்னு கேட்டிருப்பாங்களே” என்றாள் என் மனைவி.

“கேட்டாங்க.”

“இன்னா சொன்ன?”

அவள் குழாயைத் திறந்து டப்பாவைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது.

“வெளிநாட்டுலேருந்து சொந்தக்காரங்க வந்திருந்தாங்கன்னு சொன்னேன்.”